டெலெக்ஸ்: ஹங்கேரியில் இருந்துகொண்டு ஐந்து ஆண்டுகள் படித்த அனுபவம்

புடாபெஸ்டுக்குப் புதிதாக வரும் நம் ஊர்ப் பிள்ளைகள், பெரும்பாலும் அரசு உதவித்தொகையில் படிக்க வருகிறவர்கள் அல்லது ஐடி வேலைக்கு வருகிறவர்கள், என்னிடம் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பார்கள்: "அண்ணா, இங்க நியூஸ் எதுல பாக்குறது?" ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் இந்த நாட்டில் செய்தித்தளத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. அதன் சொந்தக்காரர் யார், விளம்பரம் பிடித்துத் தருகிறவர் யார், ஆசிரியர் குழு எப்போது வந்தது, முன்பிருந்தவர்கள் ஏன் போனார்கள் என்பதெல்லாம் தெரிந்தால்தான் முகப்பில் இருப்பதை எப்படிப் படிப்பது என்று விளங்கும். அதனால் டெலெக்ஸ் தளத்தை 2020 அக்டோபரிலிருந்து 2025 இறுதிவரை தொடர்ந்து படித்த அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டெலெக்ஸுக்கு முன்பு நான் படித்தது இண்டெக்ஸ். 1999இல் தொடங்கிய தளம். நான் ஹங்கேரிக்கு வந்த காலத்தில் அலுவலகத்தில் யார் திரையை எட்டிப் பார்த்தாலும் அதுதான் திறந்திருக்கும். என் ஹங்கேரிய மொழி அப்போது கடையில் ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுத்தான் படித்தேன். அப்படிப் படித்தபோதும் ஒன்று புரிந்தது: அரசியல், கால்பந்து, அறிவியல், கிண்டல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. அமைச்சரிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள், பதில் வராவிட்டால் வரவில்லை என்றே எழுதினார்கள்.

2018இல் இண்டெக்ஸ் ஒரு காரியம் செய்தது. அதன் விளம்பர விற்பனையோடு தொடர்புடைய நிறுவனத்தை ஆளுங்கட்சி வட்டாரத்துக்கு நெருக்கமான தொழிலதிபர்கள் வாங்கினார்கள். உடனே ஆசிரியர் குழு வாசகர்கள் பார்க்கும்படி ஒரு சுதந்திரமானியை வைத்தது. 'சுதந்திரமாக இருக்கிறோம்', 'ஆபத்தில் இருக்கிறோம்', 'சுதந்திரம் போய்விட்டது' என்று மூன்று நிலைகள். தன் சொந்த நிலைமையை வாசகனிடம் இப்படித் திறந்து காட்டிய செய்தித்தளத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அப்போது அது கொஞ்சம் மிகையாகக்கூடத் தெரிந்திருக்கலாம். இரண்டே ஆண்டில் அதற்கு வேலை வந்தது.

2020 மார்ச்சில், இண்டெக்ஸுக்கு விளம்பரம் பிடித்துத் தரும் இண்டாமீடியா நிறுவனத்தின் பாதிப் பங்கை மிக்லோஷ் வாசிலி வாங்கினார். அரசு ஆதரவு தொலைக்காட்சியான டிவி2இன் தலைமையில் இருந்தவர் அவர். ஜூனில் ஆசிரியர் குழுவைப் பிரித்து வேலைகளை வெளி நிறுவனங்களுக்குக் கொடுக்கும் திட்டம் ஒன்று பேச்சுக்கு வந்தது. தலைமை ஆசிரியர் சபோல்ச் டுல், சுதந்திரமானியின் முள்ளை 'ஆபத்து' நிலைக்கு நகர்த்தினார். ஜூலை 22ஆம் தேதி அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். நிர்வாகத் தலைவர் லாஸ்லோ போடோலாய், தளத்தின் சுதந்திரத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை என்றே சொல்லிவந்தார். டுல்லைத் திரும்ப எடுக்கும்படி ஊழியர்கள் கேட்டார்கள், அவர் மறுத்தார். ஜூலை 24 அன்று எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் ராஜினாமா செய்தார்கள். அன்று மாலை ஆயிரக்கணக்கானவர்கள் இண்டெக்ஸ் அலுவலகத்திலிருந்து புடா கோட்டை மேட்டிலுள்ள பிரதமர் அலுவலகம் வரை நடந்தார்கள்.

கொரோனா நேரம். வேலை போனால் அடுத்தது எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாத காலம். வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள், சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். கையில் இன்னொரு வேலை இல்லாமல் ஒரு முழு ஆசிரியர் குழுவே எழுந்து வெளியே வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வருகிறது. இந்த மதிப்புரையில் சார்பு இருக்கிறது என்றால் அது இங்கிருந்துதான் வருகிறது.

அப்புறம் நடந்தது எனக்கு நல்ல பாடம். இண்டெக்ஸ் முகவரி அப்படியே இருந்தது. நிறம், எழுத்து, இலச்சினை எதுவும் மாறவில்லை. புதிய ஆட்கள் வந்து எழுதினார்கள், தினமும் செய்தி வந்தது. அந்தக் கோடையில் ஊருக்குப் போயிருந்து திரும்பிய ஒருவர் தளத்தைத் திறந்து பார்த்திருந்தால் ஒன்றும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது.

வெளியே வந்தவர்கள் செப்டம்பரில் வாசகர்களிடம் பணம் கேட்டார்கள். 2020 அக்டோபர் 2 அன்று டெலெக்ஸ் தொடங்கியது. முதல் தலைமை ஆசிரியர் வெரோனிகா முங்க், இண்டெக்ஸில் துணைத் தலைமை ஆசிரியராக இருந்தவர். பிறகு டுல் அந்தப் பொறுப்புக்கு வந்தார். செக் நாட்டின் எகோனோமியா பதிப்பகம் ஆரம்ப உதவியாக 2,00,000 யூரோ தந்தது. மிச்சம் எல்லாம் வாசகர்கள் போட்ட சின்னச் சின்னத் தொகைகள்.

சரி, அன்றாடப் பயன்பாட்டுக்கு வருகிறேன். முகப்பு நெரிசலில்லாமல் இருக்கும். பெரிய நிகழ்வு நடக்கும்போது நிமிடத்துக்கு நிமிடம் பதிவு போடுவார்கள், என்னைப் பொறுத்தவரை டெலெக்ஸின் உண்மையான பலம் அதுதான். நான் படித்த ஆண்டுகளில் பிரதமராக இருந்த விக்டர் ஓர்பான் வெள்ளிக்கிழமை காலைகளில் அரசு வானொலியான கோஷுத்தில் பேசுவது வழக்கமாக இருந்தது. சுதந்திர ஊடகங்களுக்குப் பேட்டி கொடுப்பது மிக அபூர்வம் என்பதால், அந்த வானொலிப் பேச்சுதான் பல வாரங்களில் அவரிடமிருந்து கிடைத்த ஒரே விளக்கம். அவர் பேசப் பேச டெலெக்ஸ் சுருக்கம் போடும், எந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்பதும் அதைப் படிக்கையில் தானாகத் தெரிந்துவிடும். அரசின் செய்தியாளர் சந்திப்பையும் அப்படியே தருவார்கள். அப்போது அமைச்சராக இருந்த கெர்கெய் குயாஷ் சலிக்காமல் நீளமாகப் பதில் சொல்கிறவர். அவர் பதிலை வெட்டாமல் போடுவார்கள், அடுத்த பத்தியிலேயே அந்தப் பதிலில் உள்ள எண்ணைப் பழைய அறிக்கையோடு ஒப்பிட்டும் காட்டுவார்கள். ஹங்கேரிய அரசியல் எனக்குப் புரிய ஆரம்பித்தது இந்த ஒப்பீடுகளால்தான்.

மொழி தெரியாதவர்களுக்கு ஆங்கிலப் பகுதி ஒன்று இருக்கிறது. முக்கியமான கட்டுரைகள் நல்ல ஆங்கிலத்தில் வரும். ஆனால் எல்லாம் வராது. உள்ளூர்ப் போக்குவரத்து, வாடகை, மருத்துவமனை நிலைமை போன்ற அன்றாடச் செய்திகளுக்கு ஹங்கேரியப் பக்கத்துக்குத்தான் போக வேண்டும். மொழிபெயர்ப்புக் கருவி முன்னைவிட எவ்வளவோ தேவலை. ஆனாலும் கிண்டலாக எழுதிய பத்திகளில் தடுக்கி விழும், அதை நம்பி யாரிடமும் வாதாடப் போகாதீர்கள்.

ஒரு செய்தித்தளம் எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது 2021 வசந்தத்தில். மக்கள்தொகை விகிதத்தில் கொரோனா மரணம் உலகிலேயே மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக ஹங்கேரி அப்போது இருந்தது. மருத்துவமனைகளுக்குள் சுதந்திர ஊடகங்களை விடவில்லை. மருத்துவர்கள் பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகப் பேச முடியவில்லை. மார்ச் கடைசியில் பல ஊடகங்கள் சேர்ந்து, எங்களை உள்ளே விடுங்கள், மருத்துவர்களைப் பேச விடுங்கள் என்று அரசுக்குத் திறந்த மடல் எழுதின, டெலெக்ஸும் அதில் சேர்ந்திருந்தது. பதிலுக்கு அரசுச் செய்தித் தொடர்பாளர் அவர்கள் பொய்ச்செய்தி பரப்புவதாகக் குற்றம் சாட்டினார். பெயர் சொல்லாத செவிலியர்களும் மருத்துவர்களும் சொன்னதை வைத்துத்தான் அந்த வாரங்களில் வார்டுக்குள் என்ன நடக்கிறது என்று நாங்கள் தெரிந்துகொண்டோம். வீட்டில் வயதானவர்கள் இருந்த ஹங்கேரிய நண்பர்களுக்கு அது அரசியல் செய்தியே அல்ல. அப்பாவை அந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாமா வேண்டாமா என்ற கேள்வி.

ஹங்கேரியில் ஊடகக் கட்டுப்பாடு என்றதும் நம் ஆட்கள் தணிக்கை அதிகாரியையும் சிறையையும் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே நடந்தது வேறு மாதிரி. 2010இல் ஓர்பான் ஆட்சிக்கு வந்ததும் ஊடகச் சட்டம் மாறியது, கண்காணிக்கும் ஊடகக் குழுவின் உறுப்பினர் எல்லாரையும் ஆளுங்கட்சியே நியமித்தது. மற்றபடி பெரும்பாலான வேலை கொடுக்கல் வாங்கல் வழியாகவே நடந்தது. 2014இல் ஒரிகோ தளத்தின் தலைமை ஆசிரியர் கெர்கோ ஷாலிங் வெளியேற நேர்ந்தது. பிரதமர் அலுவலகப் பொறுப்பில் இருந்த யானோஷ் லாசாரின் வெளிநாட்டு விடுதிச் செலவுகளைத் துருவி அந்தத் தளம் எழுதியிருந்தது. அரசியல் அழுத்தம் இல்லை என்றது அப்போதைய உரிமையாளரான தொலைத்தொடர்பு நிறுவனம். ஆசிரியர் குழுவில் பலர் கிளம்பிப் போனார்கள். பிறகு தளம் கைமாறியது, சில ஆண்டுகளில் அரசின் குரலாகவே ஆகிவிட்டது. அந்தச் செலவுக் கட்டுரைகளை எழுதிய ஆந்த்ராஷ் பெத்தோ, 2015இல் டிரெக்ட்36 என்ற புலனாய்வு மையம் தொடங்கியவர்களில் ஒருவர். 2021இல் பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரம் வெடித்தபோது, வேவு பார்க்கப்பட்டவை என்று தெரியவந்த தொலைபேசிகளில் அந்த மையத்தின் இரண்டு செய்தியாளர்களுடையவையும் இருந்தன.

நேப்சபட்சாக் கதை இன்னும் வலிக்கிறது. 1956இலிருந்து வந்த நாளிதழ், நாட்டின் முக்கியமான எதிர்க்குரல். 2016 அக்டோபர் 8, ஒரு சனிக்கிழமை. காலையில் ஊழியர்களுக்குக் கடிதம் வருகிறது: நாளிதழ் நிறுத்தப்பட்டது, வேலைக்கு வர வேண்டாம். இணையதளமும் அதே நாளில் போய்விட்டது. நஷ்டம்தான் காரணம் என்றது உரிமையாளர் நிறுவனம். அதற்குச் சில நாட்கள் முன்னால்தான் மத்திய வங்கித் தலைவரைப் பற்றியும், அமைச்சர் அந்தல் ரோகானின் ஹெலிகாப்டர் பயணத்தைப் பற்றியும் அந்த நாளிதழ் எழுதியிருந்தது. அந்த மாதமே அதை நடத்திய மீடியாவொர்க்ஸ் நிறுவனம், ஓர்பானின் ஊர்க்காரரான லோரின்ஸ் மேசாரோஷோடு தொடர்புடைய நிறுவனத்துக்குக் கைமாறியது.

2018 நவம்பரில் அரசு ஆதரவுத் தொழிலதிபர்கள் தங்கள் கையிலிருந்த நானூறுக்கும் மேற்பட்ட ஊடகங்களை ஒரே அறக்கட்டளைக்குக் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தார்கள். கெஸ்மா என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். இது போட்டியை ஒழிக்கும் இணைப்பா என்று ஆராய வேண்டிய அமைப்பு ஆராயவே இல்லை. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது என்று அரசாணை போட்டு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். மாவட்ட நாளிதழ்கள் பதினெட்டும் அதற்குள் அடக்கம். தொழிலில் நூறு கோடி மதிப்புள்ள சொத்தை ஒருவர் சும்மா கொடுக்கிறார் என்றால் அது அவர் சொத்தாக இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

அரசு விளம்பரமும் இதே பக்கமாகத்தான் ஓடியது. தேசியத் தகவல் தொடர்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தது, ரோகானின் அமைச்சகத்தின் கீழ் வந்தது. அரசுத் துறைகளின் விளம்பரமெல்லாம் அதன் வழியாகப் போனது. ஆதரவு ஊடகங்களுக்கு அது கொட்டியது, மற்றவர்களுக்கு வரவில்லை. தனியார் நிறுவனங்களும் அரசு ஒப்பந்தத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கவனமாகத்தான் விளம்பரம் கொடுத்தன. 2018 தேர்தலுக்குப் பின் மூடப்பட்ட ஒரு வலதுசாரி நாளிதழின் ஆட்கள் சேர்ந்து தொடங்கிய மாடியார் ஹாங் வார இதழை அச்சடித்துத் தர ஹங்கேரியில் ஒரு அச்சகமும் முன்வரவில்லை. அது ஸ்லோவாக்கியாவில் அச்சாகி இங்கே வந்தது. யாரும் அதைத் தடை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் பட்டியலில் ஹங்கேரி 2010இல் 23ஆவது இடம், 2021இல் 92. 2025இல் 68. இந்த எண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் முதல் இரண்டுக்கும் நடுவே உள்ள சரிவு நான் மேலே சொன்ன கதைகளால் ஆனது.

பயன்பாட்டு அனுபவம் என்று சொன்னதால் 2023ஐயும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டில் டெலெக்ஸ் உட்படப் பல சுதந்திரத் தளங்கள் திடீர் திடீரென்று திறக்காமல் போயின. லட்சக்கணக்கான போலிக் கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பித் தளத்தை மூச்சுத் திணற வைக்கும் தாக்குதல். காலையில் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், மதியம் சரியாகும், மறுநாள் பக்கத்துத் தளம் விழும். அரசு ஆதரவுத் தளங்கள் இந்த அளவு பாதிக்கப்படவில்லை. 2025 ஜூலையில் ஓர் இளைஞரைச் சந்தேகத்தின்பேரில் பிடித்ததாகப் போலீஸ் அறிவித்தது. பின்னால் யாராவது இருந்தார்களா என்பது இதை எழுதும்வரை வெளிவரவில்லை. அந்த நாட்களில் டெலெக்ஸ் தன் செய்திகளை ஃபேஸ்புக்கில் போட்டு ஓட்டியது.

சின்ன ஆசிரியர் குழு என்ன செய்ய முடியும் என்பதற்கு டெலெக்ஸைவிட 444 என்ற செய்தித்தளம் நல்ல உதாரணம். இண்டெக்ஸின் முன்னாள் தலைமை ஆசிரியர் பீட்டர் உய் 2013இல் தொடங்கியது. பிச்கே ஊரின் குழந்தைகள் காப்பகத்தில் நடந்த பாலியல் குற்றங்களை மறைக்க உதவியதற்காகத் தண்டிக்கப்பட்ட துணை இயக்குநருக்கு, குடியரசுத் தலைவர் கடலின் நோவாக் மன்னிப்பு வழங்கியிருந்தார். யாருக்கும் தெரியாமல் கிடந்த இந்தச் செய்தியை 2024 பிப்ரவரி 2 அன்று 444 வெளியிட்டது. எட்டு நாளில், பிப்ரவரி 10 அன்று, நோவாக் பதவி விலகினார். மன்னிப்பில் கையெழுத்துப் போட்டிருந்த முன்னாள் நீதி அமைச்சர் யூதித் வார்காவும் அரசியலை விட்டு ஒதுங்கினார். அடுத்த நாளே அவருடைய முன்னாள் கணவர் பீட்டர் மாடியார் பார்டிசான் யூடியூப் சேனலில் ஆட்சியை விமர்சித்துப் பேசி, சில வாரங்களில் எதிர்க்கட்சி அரசியலின் மையத்துக்கு வந்துவிட்டார். இத்தனையும் ஒரு தளம் ஒரு நீதிமன்ற ஆவணத்தைக் கவனமாகப் படித்ததால் நடந்தது.

குறையும் சொல்கிறேன். டெலெக்ஸ் ஆகட்டும், 444 ஆகட்டும், பெருநகர வாசகரை நினைத்து எழுதுவது போலத்தான் எனக்குப் படுகிறது. கிழக்கே சபோல்ச் மாவட்டத்துக் கிராமத்தில் ஒரு ஓய்வூதியக்காரர் இருக்கிறார் என்றால் அவருக்கு வருவது மாவட்ட நாளிதழும் அரசுத் தொலைக்காட்சியும்தான். 2022 தேர்தலில் எதிர்க்கட்சிகளின் பிரதமர் வேட்பாளர் பீட்டர் மார்க்கி-சாய்க்கு அரசுத் தொலைக்காட்சியில் கிடைத்தது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைத் தாண்டி அவரை அறிய வேண்டுமென்றால் இணையத்துக்கு வந்தாக வேண்டும். சுதந்திர ஊடகச் செய்திகளைச் சுருக்கித் தாளில் அச்சிட்டுக் கிராமத்து அஞ்சல் பெட்டிகளில் தன்னார்வலர்கள் போடுகிறார்கள், 2017இலிருந்து நடக்கிறது. இணையம் இருக்கும் நாட்டில் இப்படித் தாளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருப்பது எனக்குக் கோபத்தையும், நடக்கிறவர்கள்மேல் அன்பையும் ஒன்றாகத் தருகிறது.

டெலெக்ஸில் எல்லாம் இலவசம். 444, எச்விஜி, 24 போன்ற மற்றச் செய்தித்தளங்களில் ஒரு பகுதி காசு கட்டியவர்களுக்கு மட்டும். இலவசமாக வைத்திருப்பது கொள்கை முடிவு என்பது புரிகிறது, காசில்லாதவருக்கு அரசுப் பிரசாரம் மட்டும் கிடைக்கக் கூடாது. ஆனால் அந்தச் சுமையை மாதாமாதம் பணம் அனுப்பும் வாசகர்கள்தான் தூக்குகிறார்கள். நானும் அனுப்புகிறேன், வெளிநாட்டுக்காரன் இதில் ஏன் என்று கேட்பவர்களிடம், வரி கட்டுகிறேன், இங்கேதான் மருத்துவமனைக்குப் போகிறேன், இங்கேதான் என் மகள் படிக்கிறாள் என்கிறேன்.

2025 மே மாதம் இந்தப் பணத்துக்கே குறி வைத்து ஒரு மசோதா வந்தது. வெளிநாட்டுப் பணம் பெற்று இறையாண்மைக்கு ஆபத்து விளைவிப்பதாகக் கருதப்படும் அமைப்புகளைப் பட்டியலில் சேர்க்கலாம், அவற்றின் வருமானத்தை முடக்கலாம் என்றது அது. பட்டியலைப் பரிந்துரைக்க இருந்தது 2024இல் வேலை தொடங்கிய இறையாண்மைப் பாதுகாப்பு அலுவலகம். அதன் அப்போதைய தலைவர் தமாஷ் லான்சி, அரசு ஆதரவு ஊடகத்தில் பணியாற்றியவர். மார்ச் 15 உரையில் ஓர்பான், நீதிபதிகளையும் பத்திரிகையாளர்களையும் அரசு சாரா அமைப்புகளையும் மூட்டைப்பூச்சிகள் என்று குறிப்பிட்டுப் பெரிய சுத்திகரிப்பு வரும் என்று சொல்லியிருந்தார். மசோதாவை எதிர்த்துப் புடாபெஸ்டில் பெரிய கூட்டம் கூடியது, நானும் குடும்பத்தோடு போனேன். ஜூனில் வாக்கெடுப்பை இலையுதிர் காலத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

இண்டெக்ஸை இப்போதும் அவ்வப்போது திறக்கிறேன். ஒரிகோ அளவுக்குக் கூச்சல் கிடையாது, விளையாட்டுச் செய்தி வேகமாக வரும், எதிர்க்கட்சிக்காரர்களின் பேட்டியும் வரும். ஆனால் ஓர்பான் தரப்புக்குப் பிடிக்காத பெரிய செய்தி வெடிக்கும் நாளில் அதன் முகப்பையும் டெலெக்ஸ் முகப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது மேலே இருக்கிறது, எது கீழே போயிருக்கிறது என்பது பெரும்பாலும் போதுமான விடை. இதே இண்டாமீடியா 2025 அக்டோபர் கடைசியில் ரிங்கியர் நிறுவனத்தின் ஹங்கேரியப் பத்திரிகைகளை வாங்கியது. அதிகம் விற்கும் நாளிதழான ப்ளிக் அதில் ஒன்று.

புதிதாக வருகிறவர்களுக்கு: டெலெக்ஸ் ஆங்கிலப் பகுதியைக் கைபேசியில் சேர்த்துக்கொள்ளுங்கள், மொழி கொஞ்சம் வந்ததும் ஹங்கேரியப் பக்கத்துக்கு மாறுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஓர்பான் ஆதரவுத் தளம் ஒன்றையும் படியுங்கள், உங்கள் வீட்டு உரிமையாளரோ அலுவலக மூத்தவரோ அதைத்தான் படித்திருப்பார். விசா, தங்கும் அனுமதி விஷயங்களுக்கு எந்தச் செய்தித்தளத்தையும் நம்பாமல் குடிவரவு அலுவலகத்தின் பக்கத்தை மட்டும் பாருங்கள். எந்தத் தளமானாலும் கடைசியில் சின்ன எழுத்தில் பதிப்பாளர் பெயர் இருக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.